படுத்திருந்தவர்களுக்காக ஒரு கட்டில்: ஜோசப் பிலாட்டிஸின் வாழ்க்கை

மொன்றியலில் பனி உருகத் தொடங்கும் மார்ச் மாதத்தில் பிசியோதெரபி நிலையங்களுக்குப் போனால், எங்கள் சனங்களில் யாரையாவது சந்திக்காமல் திரும்ப முடியாது. நடைபாதையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்ட ஐயா, தொழிற்சாலையில் பெட்டி தூக்கித் தூக்கி நாரி பிடித்துக்கொண்ட அண்ணை, பிள்ளை பிறந்து நாலு மாதமாகியும் குனிந்து நிமிரச் சிரமப்படும் தங்கச்சி என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நோ. சில நிலையங்களில் அவர்களை ஒரு விசித்திரமான கட்டிலில் படுக்க வைப்பார்கள். நீளமான மரச் சட்டம். அதற்குள் தண்டவாளத்தில் ஓடுவதுபோல முன்னும் பின்னும் ஓடும் ஒரு மெத்தைப் பலகை. அந்தப் பலகையை இழுத்துப் பிடிக்கும் நாலைந்து ஸ்பிரிங்குகள். காலால் உதைத்துத் தள்ள ஒரு கம்பி, கையால் இழுக்க இரண்டு கயிறுகள். பக்கத்திலேயே ஒருவர் நின்று, படுத்திருப்பவரின் மூச்சையும் முதுகையும் கவனித்துக்கொண்டிருப்பார்.

அந்தக் கட்டிலுக்கு ரிஃபோர்மர் என்று பெயர். அதில் செய்யும் பயிற்சிக்குப் பெயர் பிலாட்டிஸ். பலர் இதை ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் என்று நினைக்கிறார்கள். வசதியான வீட்டுப் பெண்கள் உடம்பு மெலியச் செய்யும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கி விடுபவர்களும் உண்டு. உண்மையில் பிலாட்டிஸ் என்பது ஒரு மனிதரின் குடும்பப் பெயர். நோயாளிக் குழந்தையாக வளர்ந்து, அகதி போலவும் கைதி போலவும் வாழ்ந்து, ஒரு புதிய நாட்டில் வேர் விட்ட ஒருவர் அவர். அவருடைய கதையைத் தெரிந்துகொண்டால், அந்தக் கட்டில் முதலில் யாரை மனதில் வைத்து உருவானது என்பதும் விளங்கும்.

ஜோசப் ஹூபேர்ட்டஸ் பிலாட்டிஸ் 1883ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் திகதி ஜேர்மனியின் மொன்சென்கிளாட்பாக் நகரில் பிறந்தார். இன்று ஹம் காமாட்சி அம்பாள் கோவில் இருக்கும் அதே மாநிலத்தில், ஒல்லாந்து எல்லைக்கு அருகில் உள்ள பஞ்சாலை நகரம் அது. தகப்பன் உலோக வேலை செய்பவர். உடற்பயிற்சியில் ஈடுபாடு உள்ளவர். பிள்ளையோ தொய்வு, எலும்பு மெலிவு, மூட்டுவாதக் காய்ச்சல் என்று ஒன்று மாறி ஒன்றாகப் படுக்கையில் கிடந்தவர். பள்ளிக்கூடத்தில் அவருடைய பெயரையே வைத்துப் பிள்ளைகள் நையாண்டி செய்தார்கள் என்றும், இயேசுவுக்குத் தீர்ப்பிட்ட பிலாத்துவின் பெயரோடு அதைச் சேர்த்துக் கத்தினார்கள் என்றும் அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

இப்படியான ஒரு பிள்ளை இரண்டு வழியில் போகலாம். தன் உடம்பை வெறுத்து ஒதுங்கலாம். அல்லது அதைப் படிக்கத் தொடங்கலாம். ஜோசப் இரண்டாவது வழியில் போனார். உடற்கூற்றுப் புத்தகங்களைப் பார்த்தார். மிருகங்கள் எப்படி நெளிகின்றன, நிமிர்கின்றன என்று கவனித்தார். ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டை, எடை தூக்குதல் எல்லாவற்றையும் பழகினார். வாலிப வயதில் அவருடைய உடம்பு மற்றவர்கள் திரும்பிப் பார்க்கும் உடம்பாக மாறியிருந்தது. ஆனால் அவர் மனதில் ஒரு விடயம் பதிந்துவிட்டது. பலம் என்பது பெரிய தசை வைத்திருப்பது மட்டுமில்லை. எந்தத் தசையை எப்போது, எவ்வளவு அசைப்பது என்று மனம் அறிந்திருக்க வேண்டும். பின்னாளில் தன் முறைக்குக் கட்டுப்பாடு என்ற பொருளில் கொன்ரோலஜி என்று அவர் பெயர் வைத்ததற்கு இதுவே காரணம். தன் சொந்தப் பெயரை அவர் அதற்கு வைக்கவில்லை. அது அவர் இறந்த பிறகு ஒட்டிக்கொண்டது.

முதலாம் உலகப் போருக்குச் சில காலத்துக்கு முன் அவர் இங்கிலாந்துக்குப் போனார். அங்கே குத்துச்சண்டை போட்டார், சர்க்கஸில் வேலை செய்தார், தற்காப்புக் கலை சொல்லிக் கொடுத்தார் என்று சொல்லப்படுகிறது. 1914 ஓகஸ்ட் மாதம் போர் தொடங்கியதும் எல்லாம் ஒரே நாளில் மாறியது. பிரித்தானியாவில் இருந்த ஜேர்மனியர்கள் எதிரி நாட்டவர் ஆனார்கள். எந்தக் குற்றமும் செய்யாத தையல்காரர், சமையல்காரர், முடிதிருத்துபவர், மாலுமி என்று ஆயிரக்கணக்கான ஆண்கள் பிறந்த நாட்டுக்காகப் பிடித்து அடைக்கப்பட்டார்கள். பிலாட்டிஸ் முதலில் லான்காஸ்டர் நகரிலும், 1915இல் இருந்து மான் தீவில் உள்ள நொக்கலோ முகாமிலும் அடைபட்டார்.

முகாம் என்ற சொல்லுக்கு எங்கள் வாசகர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. 5,000 பேருக்கு என்று திட்டமிட்டுக் கட்டிய நொக்கலோவில் ஒரு கட்டத்தில் சுமார் 23,000 பேர் இருந்தார்கள். மரக் கொட்டில்கள், முள்வேலி, சேறு, கடல் காற்று. வேலை இல்லை, குடும்பம் இல்லை, எப்போது விடுவார்கள் என்றும் தெரியாது. வருடக்கணக்கில் இப்படி இருந்தவர்களுக்கு வந்த மனச்சோர்வுக்கு முள்வேலி நோய் என்றே ஒரு சுவிஸ் வைத்தியர் பெயர் வைத்தார். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் அங்கே போய்த் தச்சு வேலையும் கைவேலையும் செய்ய வசதி செய்து கொடுத்தது அந்த நோய்க்கு ஒரு மருந்தாகத்தான்.

பிலாட்டிஸ் கொடுத்த மருந்து உடற்பயிற்சி. சக கைதிகளைத் தரையில் வரிசையாகப் படுக்க வைத்து, மூச்சோடு சேர்ந்து அசையும் பயிற்சிகளைப் பழக்கினார். எந்தக் கருவியும் வேண்டாம்; ஒரு ஆள் நீட்டிப் படுக்கும் இடம் போதும். இன்று பாய் விரித்துச் செய்யும் பிலாட்டிஸின் தொடக்கம் அதுதான் என்பார்கள். எழும்ப முடியாமல் படுக்கையில் கிடந்தவர்களுக்காக, அவர்களுடைய கட்டிலிலேயே ஸ்பிரிங்குகளைப் பொருத்தி, படுத்தபடியே கையையும் காலையும் இழுத்துப் பயிற்சி செய்ய வைத்தார் என்ற கதையும் அங்கிருந்துதான் வருகிறது. 1918இல் உலகத்தைப் புரட்டிப் போட்ட விஷக் காய்ச்சல் அவரிடம் பயிற்சி பெற்ற ஒருவரையும் கொல்லவில்லை என்று விளம்பரங்களில் வாசித்திருப்பீர்கள். அதை ஒரு சீடர் மரபுக் கதையாகவே எடுத்துக்கொள்வது நல்லது. அந்தக் கதை இல்லாமலே அவர் செய்தது பெரிது. நாலு வருடத்துக்கு மேல் அடைபட்டிருந்த ஒருவர், தன்னைச் சுற்றிக் கிடந்த உடம்புகளுக்கு என்ன செய்யலாம் என்று யோசித்திருக்கிறார்.

போர் முடிந்து 1919இல் விடுதலையாகி ஜேர்மனிக்குத் திரும்பினார். தோற்றுப்போன நாடு, பணவீக்கம், பசி, வேலையின்மை. ஹம்பேர்க் நகரில் பொலிஸாருக்குப் பயிற்சி கொடுத்தார். நடனக் கலைஞர்களுடனும் பழக்கம் ஏற்பட்டது. தன் கருவிகளையும் செப்பனிட்டுக்கொண்டே இருந்தார். ஓடும் பலகையோடு அவர் வடிவமைத்த பயிற்சிக் கருவிக்கு 1927இல் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. அதற்கு முதல் வருடமே, 1926இல், 42 வயதில் அவர் கப்பல் ஏறிவிட்டார்.

அந்தப் பயணத்தில் கிளாரா என்ற பெண்ணைச் சந்தித்தார் என்றும், அவருடைய மூட்டு வலியைப் பற்றிப் பேசிப் பேசியே இருவரும் நெருங்கினார்கள் என்றும் சொல்வார்கள். பிறகு சாகும்வரை கிளாரா அவருடைய துணையாக இருந்தார். நியூயோர்க்கில் எட்டாம் அவெனியூ 939ஆம் இலக்கக் கட்டடத்தில் இருவரும் ஒரு பயிற்சிக்கூடம் திறந்தார்கள். ஆங்கிலம் உடைந்த ஆங்கிலம். கையில் பெரிய பட்டம் எதுவும் இல்லை. புலம்பெயர்ந்த எத்தனையோ பேர் போலத் தெரிந்த ஒரு தொழிலை மட்டும் நம்பி இறங்கினார்கள்.

அதே சுற்றாடலில் நடனப் பள்ளிகள் பல இருந்தன. காலில், முழங்காலில், முதுகில் அடிபட்ட நடனக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். ஜோர்ஜ் பலன்ஷீன், மார்த்தா கிரஹாம் போன்ற பெரும் நடன ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களை அனுப்பினார்கள். கணுக்காலில் அடிபட்டு பலன்ஷீன் மூலம் அங்கே வந்த ரொமானா கிரிசனோவ்ஸ்கா என்ற இளம் மாணவி, பிற்காலத்தில் அந்தக் கூடத்தையே பொறுப்பெடுத்தார். ஜோசப் குறுங்காற்சட்டை மட்டும் போட்டுக்கொண்டு கூடத்தில் உலாவுவார். கொட்டும் பனியிலும் அதே உடையில் நின்று படம் எடுத்திருக்கிறார். மொன்றியல் ஜனவரியில் இதை யாரும் பின்பற்ற வேண்டாம்.

அவர் சொல்லிக் கொடுத்த முறை கவனிக்கத்தக்கது. ஒரே நேரத்தில் அறையில் பலர் இருந்தாலும் எல்லோரும் ஒரே பயிற்சியைச் செய்யவில்லை. வருபவரைப் பார்ப்பார், எந்தத் தோள் உயர்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறார், மூச்சு எங்கே தங்குகிறது என்று கவனிப்பார். பிறகு அவருக்கென்று ஒரு வரிசை. அடுத்தவருக்கு வேறு வரிசை. முரட்டு ஆசிரியர் என்று பெயர் எடுத்தவர் ஜோசப். வருத்தக்காரர்களிடம் பொறுமையாக, அவர்களுடைய உடம்புக்கு ஏற்றபடி பயிற்சியை மாற்றிக் கொடுத்தவர் கிளாரா. அவரே நல்ல ஆசிரியர் என்று சொன்ன மாணவர்கள் பலர். புகழ் கணவர் பெயரில் போனது; கைப்பக்குவத்தில் பாதி கிளாராவுடையது.

ரிஃபோர்மர் எப்படி வேலை செய்கிறது? நிற்கும்போது எங்கள் முழு எடையும் முதுகெலும்பு, இடுப்பு, முழங்கால் வழியாக இறங்குகிறது. படுத்தால் அந்தச் சுமை குறைகிறது. படுத்தபடி காலால் கம்பியைத் தள்ளும்போது, எழுந்து நிற்கிற அதே அசைவை உடம்பு சுமை இல்லாமல் பழகுகிறது. ஸ்பிரிங் இழுபட இழுபட இறுகும். எத்தனை ஸ்பிரிங் கொளுவுவது என்பதை ஆளுக்கு ஏற்ப மாற்றலாம். ஆகவே எண்பது வயதுக்காரரும் நடனக்காரரும் ஒரே கட்டிலைப் பாவிக்கலாம். தள்ளுவதைவிடத் திரும்பி வருவதுதான் கடினம். ஸ்பிரிங் பலகையைச் சடாரென்று இழுத்துவிடப் பார்க்கும். அதை மெதுவாக, சத்தமில்லாமல் திரும்பக் கொண்டுவர வயிற்றின் உள் தசைகளும் முதுகும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். சில அசைவுகளில் ஸ்பிரிங் குறைந்தால் பலகை இன்னும் ஆடும், அதனால் வேலை கூடும். பக்கத்தில் விடயம் தெரிந்த ஒருவர் நிற்க வேண்டும் என்பதற்கு இது ஒரு காரணம்.

அவரிடம் வந்தவர்களின் கதைகளும் சொல்ல வேண்டியவை. ஈவ் ஜென்ரி என்ற நடனக் கலைஞருக்கு மார்பகப் புற்றுநோய்க்காக மார்பையும் தசைகளையும் அகற்றும் சத்திரசிகிச்சை நடந்தது. கையை உயர்த்தவே முடியாமல் இருந்தவரை, பிலாட்டிஸ் மறுபடியும் முழுதாக அசையும் நிலைக்குக் கொண்டுவந்தார். கரோலா ட்ரியர் ஜேர்மனியில் பிறந்த யூதப் பெண். பிரான்சில் முகாமில் அடைபட்டிருந்து தப்பி வந்தவர். மேடை விபத்தில் காயப்பட்டு பிலாட்டிஸிடம் வந்து, பின்னர் தானே ஒரு கூடம் நடத்தினார். ஒரு முகாமில் இருந்தவர் இன்னொரு முகாமில் இருந்தவருக்குக் கைகொடுத்த கதை இது. முழங்கால் காயத்தோடு வந்த கறுப்பினக் கலைஞர் கத்லீன் கிராண்ட், 1967இல் நியூயோர்க் மாநிலத்தின் மறுவாழ்வுப் பயிற்சித் திட்டம் ஒன்றின் கீழ் பிலாட்டிஸிடமே கற்று, ஆசிரியராகச் சான்றிதழ் பெற்ற மிகச் சிலரில் ஒருவர் ஆனார்.

ஆனாலும் ஜோசப் மனக்குறையோடுதான் வாழ்ந்தார். நடனக்காரர்கள் கொண்டாடிய தன் முறையை வைத்தியசாலைகளும் பள்ளிக்கூடங்களும் ஏற்க வேண்டும் என்பதே அவர் ஆசை. 1934இலும் 1945இலும் இரண்டு சிறு நூல்கள் வெளியிட்டார். சில எலும்பு வைத்தியர்கள் நோயாளிகளை அனுப்பினார்கள். மருத்துவ உலகம் மொத்தமாகத் திரும்பிப் பார்க்கவில்லை. இதில் அவருடைய பிழையும் உண்டு. தன் முறை எல்லா நோயையும் தீர்க்கும் என்பதுபோல எழுதினார், பேசினார். வைத்தியர்களோடு சண்டை பிடித்தார். மூச்சைப் பற்றி வாழ்நாள் முழுக்கப் போதித்தவர் சுருட்டை விடவில்லை. 1966 ஜனவரியில் அவருடைய கட்டடத்தில் தீப்பிடித்தது. 1967 ஒக்டோபர் 9ஆம் திகதி, 83 வயதில், நுரையீரல் நோயால் நியூயோர்க்கில் காலமானார்.

முறையை யார் தொடர்வது என்று ஒரு ஒழுங்கும் செய்து வைக்காமல் போனார். கிளாரா சில வருடங்கள் கூடத்தை இழுத்துப் பிடித்து நடத்தினார். 1977இல் அவரும் காலமானார். நேரில் கற்ற ஒரு சிலர்தான் பல ஊர்களுக்கு அதைக் கொண்டுபோனார்கள். 1980களில் சான் பிரான்சிஸ்கோவின் சென் பிரான்சிஸ் வைத்தியசாலை, விளையாட்டு மற்றும் நடனக் காயங்களுக்கான சிகிச்சையில் இதைச் சேர்த்தது. அவர் காத்திருந்த கதவு, அவர் போன பிறகு திறந்தது. பிறகு பெயரே வழக்காகியது. பிலாட்டிஸ் என்ற சொல்லைத் தன் வணிகக் குறி என்று ஒரு நிறுவனம் உரிமை கோர, 2000 ஒக்டோபரில் நியூயோர்க் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. யோகா, கராத்தே போல இதுவும் ஒரு பயிற்சி முறையின் பொதுப் பெயர் என்றது தீர்ப்பு. அதன் பிறகுதான் உலகம் எங்கும் பெயர்ப்பலகைகள் பெருகின. கனடாவில் 1988இலேயே ரொறன்ரோவில் ஒரு பெரிய பயிற்சி நிறுவனம் தொடங்கியிருந்தது. அதையும் ஆரம்பித்தவர் காயப்பட்ட ஒரு பாலே கலைஞர். நடனமும் சர்க்கஸும் தழைத்த மொன்றியலில் இந்த முறை வேரூன்றியதில் ஆச்சரியம் இல்லை.

இன்று மொன்றியலில் ரிஃபோர்மரில் படுப்பவர்களில் குழந்தை பெற்ற தாய்மாரும் இருக்கிறார்கள். பிலாட்டிஸ் இதை அவர்களுக்கென்று வகுக்கவில்லை. பின்னால் வந்த பெண் ஆசிரியர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் மாற்றி அமைத்தார்கள். எங்கள் பண்பாட்டில் பிள்ளை பெற்றவளைக் கவனிக்கும் ஒழுங்கு வலுவானது. காயச்சரக்கு அரைத்துக் கொடுப்பது, வேது பிடிப்பது, வயிற்றுக்குத் துணி கட்டுவது, 31ஆம் நாள் வரை வேலை செய்ய விடாதது. ஓய்வு என்ற பாதியை எங்கள் அம்மாமார் நன்றாகவே அறிந்திருந்தார்கள். மறுபாதியான மெதுவாகப் பலம் திரும்பக் கொண்டுவருவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வயிற்றின் நடுத் தசைகள் விலகி நிற்பது, இருமினால் சிறுநீர் கசிவது, நாரிக் குத்து எல்லாவற்றையும் பிள்ளை பெற்றால் அப்படித்தான் என்று சொல்லி மூடி விடுகிறோம். வெட்கத்தில் வருடக்கணக்காகச் சுமப்பவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். இவற்றுக்குப் பயிற்சியால் பலன் உண்டு. இடுப்படித் தசைகளுக்கென்றே பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டுகள் கியூபெக்கில் இருக்கிறார்கள். ஆனால் பிரசவத்துக்குப் பின், அதிலும் சத்திரசிகிச்சைக்குப் பின், வைத்தியரிடமோ மருத்துவிச்சியிடமோ கேட்ட பிறகே தொடங்க வேண்டும். தலையையும் தோளையும் தூக்கிச் செய்யும் கடும் வயிற்றுப் பயிற்சிகள் ஆரம்பத்தில் நல்லதல்ல.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. நாட்பட்ட நாரி வலி பற்றிய ஆய்வுகளை 2015இல் தொகுத்துப் பார்த்த கொக்ரேன் அமைப்பு, ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிடப் பிலாட்டிஸ் உதவக்கூடும் என்றது. மற்ற உடற்பயிற்சிகளைவிட இது மேலானது என்று முடிவாகச் சொல்ல ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. ஜோசப் இதைக் கேட்டால் கோபப்பட்டிருப்பார். எங்களுக்கு இது நல்ல செய்தி. கட்டிலுக்குக் காசு இல்லாதவர் நடக்கலாம், பாயில் செய்யலாம்.

ஏனென்றால் தனியாக ஒருவருக்கு ஒருவர் நடக்கும் வகுப்புக்குச் செலவு அதிகம். தனியார் நிலையத்துப் பிசியோதெரபிக்கு எங்கள் மருத்துவ அட்டை பணம் கட்டாது; வேலையில் காயப்பட்டவர்களுக்குச் சிஎன்ஈஎஸ்எஸ்டி உண்டு, சிலருக்கு வேலையிடத்துக் காப்புறுதி உண்டு. பிசியோதெரபிஸ்ட் என்ற பட்டத்தைக் கியூபெக்கில் உரிய தொழில் சபையில் பதிந்தவர் மட்டுமே போட்டுக்கொள்ளலாம். பிலாட்டிஸ் ஆசிரியர் என்று யாரும் பலகை மாட்டலாம். நோவுக்காகப் போகிறவர்கள் முதலில் அதைக் கேளுங்கள். பற்றுச்சீட்டு யாருடைய பெயரில் தருவார்கள் என்பதையும் கேளுங்கள்; காப்புறுதி அதைத்தான் பார்க்கும்.

அந்தக் கட்டிலுக்குப் பின்னால் இருப்பது படுக்கையில் கிடந்த ஒரு சின்னப் பெடியனும், முள்வேலிக்குள் இருந்த ஒரு கைதியும்தான். நோயை விதி என்று ஏற்றுக்கொள்ளாததும், பக்கத்தில் படுத்திருப்பவரின் உடம்பை உற்றுப் பார்த்ததும் அவர் செய்த வேலை. அடுத்த முறை ஒரு தங்கச்சி நாரி நோகிறது என்று சொன்னால், எல்லாருக்கும் வாறதுதான் என்று சொல்லிக் கடக்காமல், எங்கே நோகிறது என்று ஒரு முறை கேட்டுப் பார்ப்போம்.